ஒரு குரல் குறைந்தால்

டிசம்பர் 17, புதன்

மகிக்குச் சளி. டாக்டரிடம் போய் வந்தேன். மூக்கைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்த்தார், மருந்து எழுதினார். கிளம்பும்போது பேனாவை மூடிவிட்டு, "எத்தனை வார்த்தை பேசுறா?" என்று கேட்டார்.

"பத்து இருக்கும் டாக்டர்."

ஒரு வருடம் பத்து மாதத்துக்குப் பத்து வார்த்தை குறைவுதான், ஆனால் மோசமில்லை. ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே மேசைக்குக் கீழே சாவிக்கொத்தைக் குலுக்கினார். எனக்குப் புரிந்துவிட்டது. மடியில் இருந்த மகியின் தொடையை லேசாகத் தட்டினேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க தொடக்கூடாதும்மா" என்றார்.

இரண்டாம் தடவை குலுக்கியபோது அவள் சுவரில் இருந்த யானைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய யானை. எந்தக் குழந்தையும் அதைத்தான் பார்க்கும்.

காது பரிசோதனைக்கு அவரே போன் செய்து நேரம் வாங்கிவிட்டார். 27, சனிக்கிழமை, காலை பத்தரை. "தள்ளிப் போடாதீங்க. காதுன்னா ஒவ்வொரு மாசமும் கணக்கு. வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

வீட்டில், "சளிதான், மருந்து குடுத்திருக்கார்" என்று சொன்னேன். அதுவும் பொய் இல்லை.

டிசம்பர் 18, வியாழன்

காலையில் மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது. துடைக்கவே அரை மணி நேரம்.

காது பரிசோதனையில் கேட்டால் சொல்ல வேண்டுமே என்று சிலவற்றைக் குறித்து வைக்கிறேன். நான் அறைக்குள் வந்தால் மகி திரும்பிப் பார்க்கிறாள். எங்கள் வீட்டு மொசைக் தரையில் குதிகாலை ஒரு தடவை அழுத்தி வைத்தால் போதும். விளக்கைப் போட்டு அணைத்தால் உடனே பார்க்கிறாள். குக்கர் விசிலுக்கு அழுவதில்லை. பயமே கிடையாது. தீபாவளியன்று பக்கத்து வீட்டார் எங்கள் வாசலை ஒட்டிச் சரம் கொளுத்தியபோது, என் வீட்டுக்காரர் விமலின் அக்கா மகள் ஆதிரா அலறிக்கொண்டு அவள் அம்மாவின் சேலைக்குள் புகுந்துவிட்டாள். மகியைவிட மூன்று மாதம் மூத்தவள். மகி தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். "என் பேத்தி ராணி மங்கம்மாடி" என்று என் மாமியார் தெருவுக்கே சொன்னார்.

அத்தை "மகிக்குட்டி" என்று கூப்பிட்டால் நான் குழந்தைக் குரலில் "என்ன அப்பத்தா" என்று சொல்லிக்கொண்டே அவளை அந்தப் பக்கம் திருப்பி விடுவேன். அது எல்லா அம்மாக்களும் செய்வதுதான்.

டிசம்பர் 19, வெள்ளி

கரூரிலிருந்து ஆதிராவின் அம்மா ரேணுகா அண்ணி போன் செய்தார். பள்ளிக்கூடத்தில் டீச்சர், அரையாண்டு லீவு விட்டாயிற்று. தாண்டிக்குடிக்கு மேலே ஒரு ஆரஞ்சுத் தோட்டமாம். தங்கிக்கொள்ளலாம், மரத்திலிருந்து நாமே பழம் பறித்துக்கொள்ளலாமாம்.

"நாளைக்கும் ரூம் இருக்கு, இருபத்தாறும் இருக்கு. உனக்கு எது தோது சுகி?"

"நாளைக்கு அவருக்கு ஆபீஸ்ல ஆடிட் அண்ணி. இருபத்தாறே போட்டுருங்க. ரெண்டு நாள் இருந்துட்டு வருவோம்."

27 அதற்குள் வந்துவிடுகிறது. என்ன செய்வது? அண்ணி ஆசையாகக் கேட்கும்போது மறுக்க முடியுமா? ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 20, சனி

விமல் நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தார். கிரிக்கெட் பார்த்தார்.

டிசம்பர் 22, திங்கள்

ராஜபாளையத்திலிருந்து அம்மா பேசினாள். அப்பாவிடம் கொடு என்றேன்.

"அவருக்கு என்னத்தக் கேக்கப் போவுது. நான் சொல்லிக்கிறேன். நல்லாருக்காராம். புள்ளய விசாரிச்சார்னு சொல்லச் சொல்றார்."

அப்பா அருகில் இருந்தாரா என்றே தெரியவில்லை. ரேஷன் கடையில், பேங்கில், என் பள்ளிக்கூட மீட்டிங்கில், எங்கேயும் அப்பாவின் பதிலை அம்மாதான் சொல்லியிருக்கிறாள். அவர் பக்கத்தில் நின்று தலையை ஆட்டுவார்.

பரிசோதனையைப் பற்றிச் சொன்னேன்.

"அவுக வீட்டுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வேணாம். மூணு வயசுல தானா பேசும். நீயா போய் வாயக் குடுத்துக்காத. பொண்ணு பாக்க வந்தப்ப உங்கப்பாவப் பத்தி என்ன சொன்னோம்னு ஞாபகம் இருக்குல்ல?"

இருக்கிறது. மில் சத்தத்தில் காது போய்விட்டது என்று சொன்னோம்.

டிசம்பர் 24, புதன்

துணி மடித்து வைத்தேன். மகிக்கு ஸ்வெட்டர் இரண்டு, ராகி மாவு, பிளாஸ்க், வாந்திக்கு பிளாஸ்டிக் பை. ஆரஞ்சுத் தோல் பச்சடிக்கு என்று அத்தை தனியாக ஒரு தூக்குச்சட்டி எடுத்து வைத்திருக்கிறார். "நாமளே பறிக்கப் போறோம், பாத்துப் பாத்துப் பறிக்கணும்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார்.

27 அன்று வர முடியாது என்று அங்கே சொல்லவில்லை. நாளை சொல்ல வேண்டும்.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ். இன்று அங்கே யாரும் போன் எடுக்கமாட்டார்கள்.

டிசம்பர் 26, வெள்ளி

விமல் கார் ஓட்டினார். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் ஆதிரா வாந்தி எடுத்தாள், அப்புறம் பாட்டுப் பாடினாள், அப்புறம் காது வலிக்கிறது என்று அழுதாள். எல்லோருக்கும் காது அடைத்துக்கொண்டது. அத்தை எச்சில் விழுங்கச் சொல்லி எல்லோருக்கும் புளிப்பு மிட்டாய் கொடுத்தார். மகி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு அமைதியாக வந்தாள்.

"பாருங்கம்மா, இதுக்கு ஒண்ணுமே செய்யல" என்றார் அண்ணி. "என்னோடதுதான் ஊரக் கூட்டுது."

"எங்க மகி கல்லு மாதிரி" என்றார் விமல், கண்ணாடியில் அவளைப் பார்த்தபடி. அந்தப் பெருமையைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. தலைசுற்றல்தான் என்று நினைக்கிறேன்.

இங்கே போனில் சிக்னல் இல்லை. ஒரு விதத்தில் நல்லது.

டிசம்பர் 27, சனி

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலை எட்டரைக்குத் தோட்டத்துக்காரர் அமல்ராஜ் எங்களைக் களத்தில் நிறுத்தி ஆளுக்கொரு கத்திரியும் துணிப்பையும் கொடுத்தார்.

"ரெண்டே விஷயந்தான். ஒண்ணு, பழத்தப் பிடிச்சு இழுக்கக்கூடாது. கொஞ்சம் காம்போட வெட்டணும். இழுத்தா மேல லேசா தோல் பிஞ்சிரும், பாக்க ஒண்ணும் தெரியாது, நாலு நாள்ல உள்ளுக்குள்ள அழுகி கூட இருக்கதையும் கெடுத்துரும். ரெண்டாவது, குரல்."

சரிவைக் காட்டினார். ஆள் உயரத்துக்குக் காப்பிச் செடிகள். நடுநடுவே ஆரஞ்சு மரங்கள், பச்சையும் மஞ்சளுமாகக் காய்த்துக் கிடந்தன.

"உள்ள போயிட்டா நாலடி தள்ளி நிக்கிற ஆளு தெரியாது. காட்டுமாடு நடமாட்டம் உள்ள எடம். அதனால கால் மணிக்கு ஒருக்கா செல்லக்கிளி 'ஓய்'னு குரல் குடுக்கும். ஒவ்வொருத்தரும் உங்க பேரச் சொல்லித் திருப்பிக் குடுக்கணும். ஒரு குரல் குறைஞ்சாலும் அம்புட்டுப் பேரும் கத்திரியக் கீழ போட்டுட்டுக் களத்துக்கு வந்துரணும். எங்கப்பா காலத்துலேருந்து இதான் வழக்கம்."

"புள்ளைகளுமா?" என்று கேட்டார் அண்ணி.

"வாய் இருக்க எல்லாரும்தான்."

செல்லக்கிளிக்கு என் வயதுதான் இருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு. பழம் வெட்டுகிறவர்களுக்கு அவள்தான் தலைமை. ஒத்திகைக்காகக் கையை வாயருகே வைத்து "ஓ...ய்" என்றாள். எதிர் மலையில் முட்டித் திரும்பி வந்தது.

"விமல்." "ரேணுகா." அத்தை வெட்கப்பட்டு, "சகுந்தலா" என்று சேலைத் தலைப்புக்குள் சொன்னார். "ஆதீ" என்று ஆதிரா கத்தியதில் எல்லோரும் சிரித்தோம். "சுகிர்தா" என்றேன். ஐந்து. எல்லோரும் மகியைப் பார்த்தார்கள். அவள் கத்திரியின் சிவப்புப் பிடியை நக்கிக்கொண்டிருந்தாள்.

"மகி" என்றேன், குழந்தைக் குரலில்.

"ஆறு" என்றாள் செல்லக்கிளி. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

ஒன்பதிலிருந்து பத்து வரைக்கும் நன்றாகத்தான் போனது. வெட்டும்போது தோலிலிருந்து எண்ணெய் பீச்சி விரலெல்லாம் கசந்தது. மகி ஒரு தோலைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள், பிறகு மறுபடியும் கடித்தாள். ஒவ்வொரு குரலுக்கும் நான் இரண்டு பதில் கொடுத்தேன். ஒன்று என்னுடையது, ஒன்று அவளுடையது.

பத்து மணி வாக்கில் செல்லக்கிளி கூடையோடு என் பக்கம் வந்தாள். கொஞ்ச நேரம் மகியையே பார்த்தாள். மகிக்குப் பின்னால் கூடையைத் தொப்பென்று போட்டாள். மகி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"புள்ளைக்குக் கேக்காதாக்கா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள், காய்ச்சலா என்று கேட்பதுபோல. இத்தனை மாதத்தில் என்னிடம் யாரும் அப்படி நேராகக் கேட்டதில்லை.

"அவளுக்கு எல்லாம் கேக்கும். நீங்க உங்க வேலையப் பாருங்க."

"சரிக்கா" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டாள்.

அதற்குப் பிறகு கத்திரியைப் பையில் போட்டுவிட்டுப் பழங்களைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டேன். விமல் வந்தார். "என்ன மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? புள்ளயக் குடு, கொஞ்ச நேரம் நான் வெச்சுக்கிறேன்" என்று தோளில் தூக்கிக்கொண்டு செடிகளுக்குள் போனார்.

வாட்சைப் பார்த்தேன். சரியாகப் பத்தரை. இந்நேரம் அங்கே பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். அப்போதுதான் மேலேயிருந்து "ஓ...ய்" வந்தது. விமல், ரேணுகா, அத்தை, ஆதிரா. "சுகிர்தா" என்றேன். மூச்சு விடாமல் "மகி" என்றும் சொன்னேன். அவள் என்னிடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பழக்கத்தில் வந்துவிட்டது. அவள் குரல் இல்லாவிட்டால் எல்லோரும் கத்திரியைப் போட்டுவிட்டு அவளைப் பார்க்க ஓடி வருவார்களே.

பத்தே முக்காலுக்கும் சொன்னேன். பதினொன்றுக்கும் சொன்னேன்.

பதினொன்று ஐந்துக்கு அத்தை பால் பாட்டிலோடு வந்தார். "எங்கடி புள்ள?"

"அவர்கிட்ட."

விமல் செடிகளை விலக்கிக்கொண்டு வந்தார். இரண்டு கையிலும் பழம். மகி இல்லை.

"உன்கிட்டதான இருக்கா?" என்றார். "கிளைய வளைக்கிறதுக்கு எறக்கி விட்டேன். திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். ஒடனே உன் பக்கமிருந்து 'மகி'னு குரல் வந்துச்சு. சரி, அம்மாகிட்ட போயிட்டானு..." என்னைப் பார்த்தார். "குரல் நீ குடுத்தியா?"

முப்பத்தைந்து நிமிடம்.

எல்லோரும் கத்த ஆரம்பித்தார்கள். மகி, மகீ, மகிக்குட்டி, அம்மா இங்க இருக்கேன், அப்பத்தா பாரு. அமல்ராஜ், வேலையாட்கள், எங்களுக்கு முன்பின் தெரியாத இன்னொரு குடும்பம், மலை முழுக்க அவள் பெயர். நான் மட்டும் கத்தவில்லை. அத்தை என் தோளைப் பிடித்து உலுக்கினார். "கூப்பிடுடி. பெத்தவ கொரலுக்குத்தான் திரும்பும்."

செல்லக்கிளி கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினாள். "கத்தாதீங்க. கத்தி ஆகப்போறது ஒண்ணுமில்ல." என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். "கண்ணாலதான் தேடணும். சின்னப் புள்ள மேட்டுல ஏறாது, எறக்கத்துல போவும். வெளிச்சம் தெரியிற பக்கம் போவும். ஆம்பளைங்க ஓடைப் பக்கம் வாங்க."

ஓடைக்குப் பத்தடி முன்னால், வேலி ஓரமாக மரமில்லாத ஒரு வெட்டவெளி. மகி எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். உதிர்ந்த பழங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

விமல் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு மறக்காது. "மகி" என்றார்.

அவள் ஒரு பழத்தை எடுத்தாள்.

"மகி." நாலடிக்குள் வந்துவிட்டார். "மகீ." கையைத் தட்டினார். ஆதிரா, அண்ணியின் இடுப்பில் இருந்தபடியே, "மகி, அப்பா கூப்பியாங்க" என்றாள். மகி பழத்தை மேலே வைத்தாள். அது உருண்டது. மறுபடி எடுத்தாள்.

நான் குதிகாலை அழுத்தித் தரையில் மிதித்தேன். மறுபடியும் மிதித்தேன். சருகும் ஈர மண்ணும். சத்தம் உள்ளேயே அமுங்கிவிட்டது. எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள்.

விமல் அவளைத் தூக்கவில்லை. சுற்றிக்கொண்டு போய் அவளுக்கு முன்னால் மண்டியிட்டார். அவள் அவரைப் பார்த்ததும் சிரித்து, ஒரு பழத்தை நீட்டினாள்.

"ஏன்டா திரும்பவே மாட்டேங்குது?" என்று அத்தை மெதுவாகக் கேட்டார். அண்ணி ஆதிராவின் தலையைத் தன் தோளோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.

களத்துக்குத் திரும்பும்போது செல்லக்கிளி என் அருகில் வந்தாள். "அஞ்சு குரல்தான் வந்திருந்தா, பத்தரைக்கே நான் வந்துருப்பேன்க்கா" என்றாள்.

டிசம்பர் 28, ஞாயிறு

திரும்பினோம். ஆதிரா மட்டும் கொண்டை ஊசி வளைவுக்கெல்லாம் "ஓய்" என்று கத்திக்கொண்டு வந்தாள். அண்ணி இரண்டு தடவை அதட்டினார்.

வத்தலக்குண்டில் டீக்கடை. சிக்னல் வந்ததும் விமலின் போன் வரிசையாக அடித்தது. ஒன்றைப் படித்தார். திரும்பப் படித்தார். என்னிடம் நீட்டினார். மகிழினி, காது பரிசோதனை, 27 காலை 10.30, நீங்கள் வரவில்லை, வேறு நேரத்துக்குத் தொடர்புகொள்ளவும். டாக்டரிடம் அவர் நம்பர்தான் இருக்கிறது. அதை நான் யோசிக்கவில்லை.

காருக்குப் பின்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

"எப்பருந்து தெரியும்?"

"டாக்டர் சொன்னப்பதான். பத்து நாளாச்சு."

திட்டுவார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "பத்து நாளா தனியாவே வெச்சுக்கிட்டுத் திரிஞ்சியா? பைத்தியம். நான் எதுக்குடி இருக்கேன்?" என்றார். கண் கலங்கியிருந்தது. என் விரலில் இன்னும் தோல் கசப்பு இருந்தது. அவர் அந்தக் கையில்தான் முத்தம் கொடுத்தார்.

டிசம்பர் 30, செவ்வாய்

ஜனவரி 5க்கு விமலே நேரம் வாங்கிவிட்டார். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டார். மகிக்கு முன்னால் உட்கார்ந்து வாயை அகலமாகத் திறந்து "அப்பா, அப்பா" என்கிறார். அவள் அவர் பல்லைத் தொட்டுப் பார்க்கிறாள்.

ஜனவரி 1, வியாழன்

அடுப்படி மூலையில் நாற்றம். ஆரஞ்சுப் பையைக் கொட்டிப் பார்த்தேன். அடியில் ஏழெட்டு அழுகி, பூசணம் பக்கத்துப் பழங்களிலும் ஏறியிருந்தது. எல்லாம் காம்பில்லாதவை. நான் பிய்த்தவை. அத்தை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்குவதற்கு உதவி செய்தார். கையைக் கழுவும்போது கேட்டார்.

"உங்கப்பாவுக்கு மில்லுலதான் போச்சா சுகிர்தா?"

"ஆமா அத்தை."

"நானும் மில்லுக்காரர் மகதான். எங்கப்பா முப்பத்தெட்டு வருஷம் மிஷினுக்குப் பக்கத்துல நின்னார். சாகுறவரைக்கும் அடுத்த ரூம்ல பேசுறது கேக்கும்." கையைத் துடைத்துக்கொண்டார். "எல்லாருக்கும் ஒண்ணுபோல இருக்காதுதான்."

அதோடு விட்டுவிட்டார். இன்னும் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

அப்பா மில்லில் சேர்ந்ததே கேட்காத காதோடுதான். அந்தச் சத்தம் பொறுக்காமல் மற்றவர்கள் ஓடிவிட்டதால் அவருக்கு அந்த வேலை கிடைத்தது. அப்பாவுக்கு ஒரு தங்கை, முத்துலட்சுமி அத்தை. அவருக்கும் கேட்காது, பேச்சும் வராது. என் கல்யாணத்தன்று அவரை வீட்டில் விட்டுப் பூட்டிவிட்டு மண்டபத்துக்கு வந்தோம். சாப்பாடு தூக்கில் போனது. மணமேடையில் நான் அதை நினைத்தேனா என்றால், இல்லை.

புது டைரி ஆரம்பித்தாயிற்று. பழையதன் பின் அட்டையில் இருந்ததை இதற்கு மாற்றிவிட்டேன்.

ஜனவரி 4, ஞாயிறு

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

பின் அட்டையில் இருப்பது ஒரு சீட்டு. தலைப்பிரசவம் என்பதால் ராஜபாளையத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். மகி பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் வந்து அவள் காதில் ஏதோ வைத்துப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். எழுதிக் கொடுத்தாள். இரண்டு காதும் மறுபரிசோதனை, ஒரு மாதத்துக்குள். அறையில் நானும் அம்மாவும்தான். விமலும் அத்தையும் மாலையில் தொட்டில் சேலையோடு வருவதாக இருந்தது. அம்மா சீட்டை வாங்கி நாலாக மடித்து என் தலையணைக்குக் கீழே வைத்தாள். "முப்பது நாள் கழியட்டும்" என்றாள்.

அம்மா மேல் பழி போட முடியாது. அவள் வைத்தது தலையணைக்கு அடியில். அங்கிருந்து எடுத்து டைரிக்குள் வைத்தது நான். ஒவ்வொரு புது வருடமும் மாற்றி வைத்ததும் நான். எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி படித்த நான்.

ஒரு மாதத்துக்குள் என்று போட்டிருந்தது. இருபத்திரண்டு மாதம் ஆகிவிட்டது.

ஜனவரி 5, திங்கள்

கண்ணாடி வைத்த சின்ன அறை. சுவரெல்லாம் மெத்தை. என் மடியில் மகியை உட்கார வைத்தார்கள். பரிசோதனை செய்கிற பெண் சின்ன வயது, இருபத்தைந்துகூட இருக்காது. "சத்தம் வரும்மா. பாப்பா தானா திரும்புறாளான்னு பாக்கணும். நீங்க அசையக்கூடாது" என்றாள்.

சத்தம் வந்தது. என் முழங்கால் அசைந்தது. மகி திரும்பினாள்.

"அம்மா, அசையாதீங்க."

அடுத்த சத்தத்துக்கும் அசைந்தது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. மூன்றாம் தடவை அந்தப் பெண் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "பாப்பாவ அப்பாகிட்ட குடுத்துட்டு நீங்க வெளிய இருங்கம்மா."

வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. விமலின் மடியில் மகி. ஒரு பொம்மையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து விமலின் கண் லேசாகச் சுருங்கியது. பிறகு அவர் தோள் தூக்கிப்போட்டது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் உள்ளே எவ்வளவு பெரிய சத்தம் போட்டார்கள் என்று தெரிந்தது. மகி பொம்மையின் மற்றக் காதைத் திருக ஆரம்பித்தாள்.

பிறகு அந்தப் பெண் என்னையும் உள்ளே கூப்பிட்டாள். இரண்டு காதும். இன்னும் ஒரு பரிசோதனை தூங்க வைத்துச் செய்வார்கள். மெஷின் வைக்க வேண்டும், அதுவும் போதாவிட்டால் ஆபரேஷன். வழி இருக்கிறது என்றுதான் சொன்னாள். "ஆறு மாசத்துக்குள்ள வந்திருந்தா ரொம்ப நல்லா இருந்திருக்கும்" என்றும் சொன்னாள்.

அப்புறம் படிவத்தை எடுத்துக்கொண்டாள். "பிறந்தப்போ காது டெஸ்ட் ஏதாவது எடுத்தாங்களா?"

"இல்ல மேடம்" என்றார் விமல். "அங்க அதெல்லாம் கிடையாது போல. யாரும் ஒண்ணும் சொல்லல. இல்லையா சுகி?"

அவ்வளவு நம்பிக்கையாகக் கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். அந்தப் பெண் "இல்லை" என்ற கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டாள்.

கைப்பையைத் திறந்து சீட்டை எடுத்து மேசையில் வைத்தேன். நாலு மடிப்பும் இற்றுப்போயிருந்தன. அந்தப் பெண் விரித்துத் தேதியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எழுதிக்கொண்டாள்.

விமல் சீட்டை எடுக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே படித்தார். படித்து முடித்துவிட்டு மகியின் ஸ்வெட்டர் பொத்தானைப் போட ஆரம்பித்தார். ஒரு பொத்தான் மாறிப் போய்விட்டது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி முதலிலிருந்து போட்டார்.

ஜனவரி 8, வியாழன்

அத்தை கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். மகிக்கு மட்டும் திருநீறு வைத்தார். தோல் பச்சடி ஊறிவிட்டது. கசப்பு போகவில்லை, இன்னும் வெல்லம் போட வேண்டும்.

இப்போதெல்லாம் விமல் மகியைப் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. சுற்றி வந்து, அவள் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, பிறகுதான் கையை நீட்டுகிறார். அவள் தாவிக்கொண்டு போகிறாள்.

சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு அடுப்படியிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டேன். அவர் ஹாலில்தான் இருந்தார், பத்தடி தள்ளி. அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.